வாரேன்க்கா

நெருங்கி உட்காருங்கள்... இது என்னோடு படித்த பொன்செல்வியின் அக்காவுக்கு நடந்தது.

இரவு பதினொன்று கடந்திருக்கும். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை முடிந்து, கடைசி பஸ்ஸிலிருந்து முத்துராணி தனியாக இறங்கினாள். வீடு வரைக்கும் வாய்க்கால் கரைதான் பாதை. ஒரு பக்கம் வயல்... மறுபக்கம் தண்ணீர். விளக்குக் கிடையாது.

தம்பி தேவேந்திரன் இருந்தவரை சைக்கிளில் வந்து கூட்டிப்போவான். ஒர்க்ஷாப்பில் வேலை அவனுக்கு. போன ஆடியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று மாலை வாசலில் நின்று, "போறேன்க்கா" என்றான். எப்போதும் அப்படித்தான் சொல்வான். எப்போதும் அவள் திட்டுவாள்.

"ஏலே, போயிட்டு வாரேன்னு சொல்லு."

"வராம எங்க போவப்போறேன்?" என்று சிரிப்பான். பிறகு திருத்திச் சொல்வான்.

அன்று மட்டும் அவள் அசதியில் சும்மா இருந்துவிட்டாள்.

"ஒரு சொல்லுல என்னட்டி இருக்கு?" என்று அம்மா எத்தனையோ முறை தேற்றினாள். ஆறவில்லை.

பாதி வழியில்... பின்னால் சத்தம்.

கிரிக்... கிரிக்...

செயின், கவரில் உரசுகிற சத்தம். கூடவே கிரீஸ் வாடை. அவன் சைக்கிள்தான். ஆனால் அது வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. சாவி இவள் பையில்.

நின்றாள். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"போறேன்க்கா."

கால் ஓடச் சொன்னது. ஆனால் இந்த முறை விட்டால்...

"ஏலே... போயிட்டு வாரேன்னு சொல்லு."

தவளைச் சத்தம்கூட அடங்கிவிட்டது. வெகு நேரம்... பிறகு காதை ஒட்டி, மெல்ல...

"வாரேன்க்கா."

கிரிக்... கிரிக்... சத்தம் அவளைத் தாண்டி, வீட்டுப் பக்கமாகப் போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூச்சிரைக்க வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழவில்லை. எழுந்துபோய், போட்ட தாழ்ப்பாளை எடுத்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த தேவேந்திரனின் கோரைப்பாயை விரித்தாள்.

"எதுக்கும்மா?"

"வாரேன்னுல்லா சொல்லிருக்கான்."

இருவரும் கண்ணை மூடவில்லை. கதவு அசையவில்லை. யாரும் வரவில்லை.

கோழி கூவியதும் முத்துராணி பாயைச் சுருட்டக் குனிந்தாள்.

ஓர் ஆள் நீளத்துக்கு... கோரை சூடாக இருந்தது.