பச்சை ஒயர்

எனக்குத் தே ஓ கோசோங் போதும், இன்ஸ்பெக்டர் துவான். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். அறுபத்தெட்டு வயதில் வாயைக் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. அந்தக் கேசட்டை மட்டும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெயில் பட்டால் கெட்டுவிடும். அதைக் கொடுக்கத்தான் வந்தேன். கூடவே ஒரு விஷயத்தைச் சொல்லவும் வந்தேன்.

என் பெயர் நாகையா. செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்ஃபீல்ட்ஸ் இசைக்குழுவுக்கு ஒலி பார்ப்பேன். கல்யாணமோ கோயில் திருவிழாவோ, மிக்சர் முன்னால் உட்காருகிறவன் நான்தான். நாகையா அண்ணன் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் பாடகர்கள் மேடை ஏறுவார்கள்.

ஸ்பீக்கரில் பாட்டுக்கு அடியில் உர்ர் என்று ஓர் உறுமல் ஓடுமே, அதை என்னால் சகிக்கவே முடியாது. கருவிக்கு மேடையிலிருந்து கரண்ட், மிக்சருக்கு மண்டபத்தின் மறுகோடியிலிருந்து கரண்ட். இரண்டு பக்கத்து எர்த்தும் ஒலி ஒயர் வழியாகக் கைகோத்துக்கொண்டால் அந்த உறுமல் வரும். அதற்கு என்னிடம் ஒரு வைத்தியம் இருந்தது. இரண்டில் ஒன்றின் பிளக்கைத் திறந்து, எர்த்துக்குப் போகும் பச்சை ஒயரை வெட்டிவிடுவேன். உறுமல் அத்தோடு சரி. பட்டறையில் அப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மேடை பட்டறை இல்லையே.

எங்கள் பாடகி சந்திரகலா மைக்கில் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள். உதட்டில் சுருக்கென்று கடிக்கிறது என்பாள். பாடகி என்றால் இதெல்லாம் சகஜம் என்று நான் சொல்வேன். இருபது வருடத்தில் ஒருவரும் சாகவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பத்திரண்டில் விஜயன் வந்து சேர்ந்தான். கிள்ளானில் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்த பிள்ளை. பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்துத் தானே ஒரு சிந்தசைசர் கட்டியிருந்தான். கடையில் விற்கிற மாதிரி ஒரே கருவி இல்லை. ஒலியைப் பிறப்பிக்க ஒரு துண்டு, வடிகட்ட ஒரு துண்டு என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகளை இரும்புச் சட்டத்தில் முடுக்கி, ஒயரால் ஒன்றோடொன்று இணைத்து வாசிப்பான். வாசிப்பைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் வாசித்தான்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, கிள்ளானில் ஒரு பழைய மண்டபத்தில் நாலு மணிக்கு நிகழ்ச்சி. இரண்டு மணிக்கு ஒத்திகை. நான் கத்தரியை எடுக்கும்போது விஜயன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள், வேணாம் லா. இதுல பேலன்ஸ்ட் அவுட்புட் வெச்சிருக்கேன். ஒரே சத்தம் ரெண்டு ஒயர்ல போகுது, ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. வழியில ஒட்டுற குப்பைய மிக்சரே கழிச்சிடும். மேல சுத்தியிருக்கிற ஷீல்ட மிக்சர் பக்கம் கழட்டிட்டேன், அதனால ரெண்டு எர்த்தும் சேராது. ஆனா பச்சைய மட்டும் தொட்டுடாதீங்க. பழைய ரேடியோ டிரான்ஸ்பார்மர் போட்டிருக்கேன், சட்டத்துல கொஞ்சம் கரண்ட் லீக் ஆகுது. முன்ன பச்சைய வெட்டினாலும் ஷீல்டு வழியா எர்த் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

இப்படி அவன் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. புரியவில்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவன் என் மிக்சரின் பிளக்கைத் திறந்தான். நான் என்றைக்கோ வெட்டிவைத்திருந்த பச்சை ஒயரைச் சீவி, உள்ளே முடுக்கினான். என்னைக் கேட்கவில்லை.

ஒயரைச் செருகினான். ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை என்றார்கள். சந்திரகலா மைக்கை வெறுங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு உதட்டருகே கொண்டுபோனாள். கைக்குட்டையை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"என்னாண்ணே, இத்தன வருசமா சும்மாவா கடி வாங்கினேன்?"

குழு முழுக்கச் சிரித்தது. விஜயன் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவுதான் எனக்கு ஆகவில்லை. எனக்காகப் பரிதாபப்பட இவன் யார்? வயிறு பற்றி எரிந்தது, துவான். மறைக்க ஒன்றுமில்லை.

இன்னும் லேசாக உறுமல் இருக்கிறது என்றேன். யாருக்கும் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்டது. எல்லோரும் ரொட்டி சானாய் சாப்பிடக் கிளம்பினார்கள். "அங்கிள், உங்களுக்குக் கட்டிட்டு வரவா?" என்று விஜயன் கேட்டான். பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மண்டபம் காலியானதும் சிந்தசைசர் பிளக்கைத் திறந்து பச்சையை வெட்டினேன். வேலையை முடித்தால் சோதித்துப் பார்ப்பது பட்டறைப் பழக்கம். சுவிட்சைப் போட்டு இரும்புச் சட்டத்தில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் பல்ப் எரிந்தது. மங்கலாக இல்லை, பளிச்சென்றே எரிந்தது. டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மிக்சரிடம் போய் உட்கார்ந்தேன். உறுமல் சுத்தமாக நின்றிருந்தது.

முதல் மூன்று பாட்டும் பிரமாதம். மரமேடை, அவன் காலில் ரப்பர் சப்பாத்து, திருகும் குமிழ்களெல்லாம் பிளாஸ்டிக். வேறு எர்த்தைத் தொடாதவரைக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கு அது தெரியும்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்தேன். இரும்பு மைக். மிக்சர் வழியாக நல்ல எர்த் உள்ள மைக். அந்த எர்த்தை முடுக்கிக் கொடுத்தவனே அவன்தான். பேசும்போது இடது கையைச் சட்டத்தின் மேல் ஊன்றிக்கொள்வது அவன் வழக்கம். ஒத்திகைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"தம்பி, ரெண்டு வார்த்த பேசுங்க. சொந்த ஊரு இல்லையா" என்றேன்.

அவன் வெட்கப்பட்டான். வலது கையால் மைக்கைப் பிடித்தான். "எல்லாருக்கும்" என்று ஆரம்பித்தான். வணக்கம் வரவில்லை.

கூட்டம் அவனைச் சுற்றி நின்றபோது நான் சுவரோரம் குந்தி, பச்சை ஒயரைச் சீவிப் பிளக்கில் திரும்ப முடுக்கிவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்துசேர நேரம் ஆனது. சொந்தமாகக் கட்டிய பெட்டி, பழைய டிரான்ஸ்பார்மர், விபத்து என்று எழுதினார்கள். அவன் அம்மா இராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது அவனுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே?" என்று அழுதார். சொன்னால் கேட்கிற பிள்ளையா என்றேன்.

பதினோரு வருடம் கழித்து இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள். நான் நன்றாகத் தூங்குகிறேன். போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் விஜயனுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் பதிவான இந்தக் கேசட்டைச் சந்திரகலா போட்டாள். "கேளுங்க, எங்கயாச்சும் ஒரு உறுமல் இருக்கா? எல்லாம் விஜயன் போட்ட ஒயர்" என்றாள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் காதுபடச் சொன்ன பொய் அது. பொறுக்க முடியவில்லை. அவளிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

விஜயனைக் கொன்றது நான்தான். தெரிந்தே கொன்றேன். அதே மாதிரி, அந்த உறுமலை நிறுத்தியதும் நான்தான். ஒன்றை எழுதிவிட்டு மற்றதை விட்டால் கையெழுத்துப் போட மாட்டேன்.

பி பக்கம்தான் நிகழ்ச்சி, துவான். நீங்கள் போட்டிருப்பது ஏ பக்கம், ஒத்திகை. நான் பச்சையைத் தொடுவதற்கு முன்னால் பதிவானது. பரவாயில்லை, ஓடட்டும். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? வால்யூமை இன்னும் கூட்டுங்கள். முழுசாகக் கூட்டுங்கள். உறுமுகிறதே, எனக்குக் கேட்கிறதே.