தவக்கால வெள்ளியில் ஒரு பிரியாணிப் படம்

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில், முன் இருக்கை அம்மா வாய்விட்டு வேண்டிக்கொண்டார்: "மாதாவே, எம்மக இன்னைக்குக் கறி தின்னுருக்கணும்."

பக்கத்தில் இருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். மகள் தனியாகக் கோழிக்கோடு சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாளாம். இரண்டு நாளாகப் பேச்சில்லை. கடலும் சாப்பாடுமாகப் படங்கள்தான் வருகின்றன. போன மாதம் என் மகன் ஒரு நாள் முழுக்கப் போனை எடுக்காததிலிருந்து, இப்படிப் பேச்சு காதில் விழுந்தாலே முன்னால் சாய்ந்து கேட்க ஆரம்பித்துவிடுகிறேன்.

"பிரியாணிய போட்டு, இப்பத்தான் சாப்பிட்டேன்னு அனுப்பிருக்கா. தவக்காலம் நாப்பது நாளும் கறி தொடாத புள்ளங்க அது."

"பழைய போட்டோவா இருக்கும்."

"அப்ப இவ எங்க இருக்கா? போனு யாரு கையில இருக்கு?"

செம்பட்டி தாண்டியதும் போன் அடித்தது. மகள்தான்.

"ஏத்தா, கறி தின்னியா?"

அழுகிற குரல் எனக்கே கேட்டது. "மன்னிச்சிரும்மா. வாசத்துல மனசு கேக்கல."

"நல்லா தின்னு தாயி. வந்து ஃபாதர்கிட்ட சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சரி, படத்துல தட்டு ரெண்டு இருக்கே, இன்னொன்னு யாருது?"