பிட்டு சூடாகுற வரைக்கும்

— ஒயரப் புடிச்சு இழுக்காதீங்க மாமா! ஸ்க்ரூவக் கழட்டிட்டுத்தான் கைப்பிடிய உருவணும். குடுங்க இங்க.

— இந்தா ஜோதி, நீயே பாரு. சால்டரிங் அயர்ன் சூடே ஆக மாட்டேங்குது. அதுக்காகத்தான் திண்டுக்கல்லருந்து வத்தலக்குண்டுக்கு ஓடியாந்தேன். வேற ஒண்ணுமில்ல, சொல்றேன்ல.

— ஆமா ஆமா. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்து பன்னெண்டு நாளாச்சு, எட்டிப் பாக்கல. சால்டரிங் அயர்ன் படுத்ததும் மாமியா வீடு ஞாவகம் வந்துருச்சு. அங்க திண்டுக்கல் நாகல் நகர்ல புதுசா கெடைக்கல?

— வாங்குனேன். கைக்குப் பிடிபடல. இது நம்ம கல்யாணத்துக்கு முந்தியே நீ வச்சிருந்ததாச்சே.

— மீட்டர நீட்டுங்க. ம்… முள்ளு ஏறுது, எலிமெண்ட்டு நல்லாத்தான் இருக்கு. கைப்பிடிக்குள்ள ஒயருதான் அத்துருக்கு. பிளக்கப் புடிச்சுக் கழட்டாம ஒயரப் புடிச்சு இழுத்தீங்களா?

— ஒரு வாட்டி. சரி, பல வாட்டி.

— நுனில இருக்குற பிட்டு ஏன் இப்புடி இருக்கு?

— கருத்துப் போச்சுன்னு அரத்தப் போட்டு ராவுனேன்.

— செம்பு பிட்டு மாமா இது! பதமா ராவணும். நீங்க பென்சில் மாதிரி சீவி வச்சிருக்கீங்க. ராவுன கையோட ஈயம் பூசுனீங்களா?

— அதெல்லாம் நீதான செய்வ.

— இதத்தான் அன்னைக்கு டிவி ரிப்பேருக்குக் கொண்டாந்த அந்தாளுகிட்ட சொல்லியிருக்கணும். 'இது சும்மா சாமான் எடுத்துக் குடுக்கும், வேலை பூராம் நாந்தான்'னீங்க. பக்கத்துல உக்காந்து அவரு போர்டுக்கு ஈயம் வச்சுக்கிட்டிருக்கேன், என் காதுபடவே!

— தப்புதான்.

— செத்த சத்தமா. அம்மா அடுப்படில இருக்கு, அதுக்குக் கேக்கல.

— தப்புதான் தாயி, போதுமா! அந்தாளே முந்தாநாள் வந்தாரு. 'அக்கா இல்லையா? அப்பப் பெறகு வாரேன்'னு டிவியத் தூக்கிக்கிட்டுப் போய்ட்டாரு. அவரு மட்டுமில்ல, வாரவங்க அம்புட்டுப் பேரும் அதத்தான் கேக்குறாங்க. சிரிக்காத ஜோதி, சொல்றேன்ல.

— சிரிக்கல. ஒயரு மாட்டியாச்சு, பிளக்கச் சொருகுங்க. அந்த ஈரத்துணிய எடுங்க.

— ஏய், பொகையுது!

— ஈயம் புடிக்கத் தடவுற பேஸ்ட்டுதான் பொகையுது, பயப்படாதீங்க. பாருங்க, ஈயம் எப்புடி ஓடிப் படியுது! பளபளன்னு.

— அட, புதுப் பொண்ணு மாதிரி ஆயிருச்சே!

— இனிமே வேலை முடிஞ்சதும் ஈரத்துணில தொடச்சு, கொஞ்சம் ஈயத்தோடயே வைக்கணும். மாமா… அடுத்து 'கெளம்பு'ன்னு சொல்லப் போறீங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிர்றேன். நான் வரல.

— இன்னும் கோவமா?

— கோவமெல்லாம் அப்பவே போச்சு. இங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கடை புடிச்சிருக்கேன். வெள்ளிக்கெழம தொறக்குறேன். அங்க 'மோகன்குமார் டிவி சர்வீஸ்'னு உங்க பேருல போர்டு இருக்குல்ல, அதே மாதிரி இங்க 'நாகஜோதி சர்வீஸ்'. எழுதக் குடுத்தாச்சு. திட்டணும்னா திட்டிருங்க மாமா.

— அத்தை போன்லயே சொல்லிருச்சு ஜோதி. அங்க கடையக் காலி பண்ணிச் சாமான் பூராத்தையும் குட்டியானைல ஏத்தியாந்துட்டேன், தெருமொனைல நிக்குது. எந்தச் சந்துக்குள்ள வண்டிய விடணும்னு மட்டும் சொல்லு.