பலகையா, சீட்டா?

— ...அப்ப புல்லு மெஷினுக்குப் பின்னாடி மாட்டற வண்டியில சீட்டு வெச்சது வேண்டாம்னு முடிவா?

— வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்? யோசிக்கணும்னு சொன்னேன்.

— நேத்து வேண்டாம்னியேப்பா.

— நேத்து முட்டி வலிக்கல. இன்னைக்கு வலிக்குது. வலிக்கற அன்னைக்குச் சீட்டுதான் நல்லதா தோணுது.

— அப்ப சீட்டையே வாங்கிடலாம். முடிஞ்சுது கதை.

— அவசரப்படாத பாப்பா. இருபது வருஷமா அது முன்னாடி போகும், நான் பின்னாடி நடப்பேன். இப்ப திடீர்னு நானும் அதுக்குப் பின்னாடி ஏறி உக்காந்துக்கிட்டா அது என்ன நினைக்கும்?

— புல்லு வெட்டற மெஷின் என்னப்பா நினைக்கப்போகுது? ‘அப்பாடா, இந்த மனுஷன் புலம்பல் கொஞ்சம் குறையும்’னு நினைக்கும்.

— கொழுப்பு.

— உன் பொண்ணுதானே.

— ...நீ சாப்பிட்டியா?

— சாப்பிட்டுக்கிட்டேதான் பேசறேன்.

— என்ன, சத்தமே இல்ல? ஆபீஸ்ல ஒரு கூட்டமே சேர்ந்து சாப்பிடுவோம்னியே, அந்தப் பொண்ணுங்க எங்க?

— கை கழுவப் போயிருக்காங்க.

— நேத்தும் கை கழுவத்தான் போயிருந்தாங்க.

— சுத்தக்காரிங்கப்பா. பேச்சை மாத்தாத. சீட்டுன்னா காலை முன்னாடி நீட்டிக்கிட்டு உக்காந்துக்கலாம். அந்தப் பள்ளிக்கூட மைதானம் மாதிரி நீளமா, சமமா இருக்கற இடத்துக்கு அதுதான் சுகம்னு கடைக்காரர் சொல்றார்.

— மைதானத்துக்குச் சரி. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி சரிவு இருக்கே, அங்க? மெஷின் வழுக்க ஆரம்பிச்சா, காலை நீட்டி உக்காந்திருக்கறவன் எப்படி எறங்குவான்? அது போற இடத்துக்கெல்லாம் நானும் போகணும்.

— அதனாலதான் பலகை நல்லதுங்கறேன். நின்னுக்கிட்டே போகலாம். ஏதாவதுன்னா சட்டுனு காலைக் கீழ வெச்சுடலாம்.

— பலகையில என்னை நினைச்சுப் பாரு. முன்னாடி மெஷின் போகுது, பின்னாடி நான் ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு வெறப்பா நின்னுட்டு வர்றேன். பரிசு வாங்கப் போறவன் மாதிரி.

— குடுத்தா வாங்கிக்கோ.

— எடை தாங்குமா?

— உன்னைத் தாங்கும். தொப்பையைப் பத்திதான் கடைக்காரர் ஒண்ணும் சொல்லல.

— எனக்கு ஏது தொப்பை? தினமும் பத்து கிலோமீட்டர் நடக்கறவனுக்கு...

— ...

— என்ன?

— ஒண்ணுமில்லப்பா. தண்ணி குடிச்சேன். ஆமா, மெஷின்ல வண்டியோட கொக்கியை மாட்டற தகடு தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு அளந்தியா?

— அளந்தேன், அளந்தேன். பன்னெண்டு அங்குலம்.

— போன வாரம் பதினாலுன்னே.

— ...டயர்ல காத்து எறங்கியிருக்கும்.

— ரெண்டு அங்குலமா?

— பழைய டயர்மா.

— சரி... பன்னெண்டுன்னே எழுதிக்கறேன். தகட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேனே?

— ஷெட்டுல ஒரே இருட்டு.

— கதவைத் திறந்து வெச்சு எடுக்கறது.

— கதவு இறுகிக்கிச்சு. மழையில ஊறிப்போச்சு.

— ம்... சரி, விடு. போட்டோ இல்லாமலே பாத்துக்கலாம்.

— ஏன் பாப்பா, மூலை வீட்டு டீச்சர் உனக்குப் போன் பண்ணாங்களா?

— இல்லையே. ஏன்?

— சும்மாதான். வேலைக்குக் கூப்பிடறவங்க உன் நம்பருக்குத்தானே பண்ணுவாங்க, அதான் கேட்டேன்.

— ரெண்டு மாசமா யாருமே பண்ணலப்பா.

— ஓ... சரி, சரி. நல்லதுதான். அதாவது, நான்தான் எல்லார் வீட்டுக்கும் நேர்லயே போயிடறேன். உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு.

— தொந்தரவெல்லாம் இல்ல. பலகையிலயே ரெண்டு தினுசு இருக்குன்னேனே, ஞாபகம் இருக்கா? ஒத்தச் சக்கரம் நீ எந்தப் பக்கம் ஒடிச்சாலும் கூடவே திரும்பும். டீச்சர் வீட்டுத் துணிக்கொடிக் கம்பத்தைக்கூடச் சுத்தி வந்துடலாம்.

— ஆனா ரிவர்ஸ் எடுத்தா மடங்கி நேரா முட்டியில வந்து இடிக்கும். இருக்கற முட்டியே போதாதா?

— அப்ப ரெண்டு சக்கரம். ஆடாது. ஈர மண்ணுலயும் தடம் ஆழமா விழாது.

— ம். அதுல ஒரே ஒரு குறை.

— தெரியுமே, இருக்கும்னு. சொல்லு, இன்னைக்கு என்ன குறை?

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல.

— பின்னாடி நடந்தா, அப்பத்தான் வெட்டின புல்லு காலுக்கடியில மெத்துமெத்துன்னு இருக்கும். செருப்பைத் தாண்டி ஈரம் தெரியும். பலகையில நின்னா அது தெரியாதே. சிரிக்கறியா?

— இல்லப்பா.

— நாள் பூரா அந்த மெஷின் சத்தத்துல யாரும் என்கிட்ட பேச முடியாது. நானும் யார்கிட்டயும் பேச வேண்டாம். அது எனக்குப் பிடிச்சிருந்துது. ஏன்னா வீட்டுக்கு வந்தா உங்கம்மா பேசுவா. சேர்த்து வெச்சுப் பேசுவா. இப்ப மெஷினை நிறுத்திட்டு வீட்டுக்கு வந்தா, காதுக்குள்ள அந்த ரீங்காரம் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். அதுவும் போயிட்டா... ஒண்ணுமே இல்ல.

— டீவி போட்டுக்கோயேன்ப்பா.

— போடறேன். அது பாட்டுக்குப் பேசும். நம்மளைச் சாப்பிட்டியான்னு கேக்காது.

— நான் கேக்கறேனே.

— நீ கேக்கற. அதுவும் இந்தப் பலகை, சீட்டுன்னு ஆரம்பிச்சதுக்கப்புறம்தான். அதுக்கு முன்னாடி எல்லாம்...

— அதுக்கு முன்னாடி நீ ‘சாப்பிட்டியா, உடம்பு பரவாயில்லையா, சரி வெச்சுடறேன்’. எண்ணி ஒரு நிமிஷம். அம்மா இருந்தப்ப அதுகூட இல்ல. ‘இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்’. அவ்வளவுதான்.

— எனக்குப் பேச வராது பாப்பா. என்ன பேசணும்னே தெரியாது. பழக்கதோஷம், இப்பவும் சில நாள் போனை எடுத்ததும் ‘இரு, குடுக்கறேன்’னு வாய் வரைக்கும் வந்துடும். என்ன, மூக்கை உறிஞ்சற?

— ஜலதோஷம்ப்பா. இங்க குளிரு.

— உள்ள உக்காந்து சாப்பிடறவளுக்கு என்ன குளிரு?

— ஏசி போட்டுத் தள்றாங்க.

— சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் விடுவாங்க உங்களுக்கு?

— அரை மணி.

— அதுல இருபத்தஞ்சு நிமிஷத்தை நான் தின்னுடறேன். தினமும். பலகைக்கும் சீட்டுக்கும். அந்தப் பொண்ணுங்க என்ன நினைப்பாங்க? இவ அப்பனுக்கு வேற வேலையே இல்லையான்னு நினைக்க மாட்டாங்க?

— ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

— உன் குரலே இன்னைக்குச் சரியில்ல. சரி, எழுதிக்கோ. பலகை. ரெண்டு சக்கரம். ஆர்டர் போட்டுடு.

— ...

— ஹலோ? லைன்ல இருக்கியா?

— இருக்கேன்ப்பா. என்ன சொன்னே?

— ரெண்டு சக்கரம் வெச்ச பலகையைப் போட்டுடுன்னேன்.

— நிஜமாவா? நல்லா யோசிச்சியா?

— நீதானே இத்தனை நாளா ‘இன்னைக்குப் போட்டுடட்டுமா’ன்னு குதிச்சே?

— இல்ல... ஒத்தச் சக்கரத்தையும் ஒரு தடவை யோசிச்சிருக்கலாம்.

— முட்டியில இடிக்கும்.

— சீட்டு?

— சரிவுல எறங்க முடியாது.

— பலகை மழைல வழுக்கும்னு ஒருத்தர் எழுதியிருக்கார்ப்பா.

— சொரசொரன்னு தகடு அடிச்சிருக்குன்னு நீதானே சொன்னே!

— அது... அதுல சிவப்புக் கலர்தான் இருக்காம்.

— இருக்கட்டுமே. சிவப்புக்கு என்ன?

— உனக்குச் சிவப்பு பிடிக்காதே.

— என்கிட்ட இருக்கற நாலு சட்டையில மூணு சிவப்பு. என்ன ஆச்சு உனக்கு? நான் வேண்டாம்னா நீ வேணுங்கற, நான் வேணும்னா நீ வேண்டாங்கற?

— நாளைக்குப் பேசி முடிவு பண்ணலாம்ப்பா. ஒரு நாள்தானே.

— நாளைக்கு வேண்டாம்மா. நாளைக்கு நீ அந்தப் பொண்ணுங்ககூட உக்காந்து சிரிச்சுப் பேசிச் சாப்பிடு. இந்த வயசுல அதுதான் உனக்கு வேணும். என்னைச் சுமந்துக்கிட்டுத் திரியாத. ஞாயித்துக்கிழமை ஒரு போன் பண்ணு, போதும்.

— ஞாயித்துக்கிழமை மட்டுமா?

— போதும்ங்கறேனில்ல.

— சரி... அப்ப போட்டுடறேன். கடைக்காரங்களே வந்து மாட்டிக் குடுப்பாங்களாம். நாளன்னைக்கு.

— வந்தா? வீட்டுக்கா?

— ஆமா. நீ மெஷினை ஷெட்டுலேர்ந்து வெளிய எடுத்து வெச்சா போதும்.

— அதெல்லாம் எதுக்கு? பார்சல்ல அனுப்பச் சொல்லு. நானே மாட்டிக்கறேன்.

— அவங்கதான் மாட்டணுமாம்ப்பா. சரியா பொருந்துதான்னு ஓட்டிப் பாத்துட்டுத்தான் போவாங்களாம். போடட்டுமா?

— ...

— அப்பா?

— போடாதம்மா.

— ஏன்ப்பா?

— மாட்ட மெஷின் இல்ல. வித்துட்டேன். ரெண்டு மாசமாச்சு. நீ ஏதாவது சொல்லேன். திட்டேன்.

— திட்டலப்பா. சொல்லு.

— அன்னைக்குப் பள்ளிக்கூட மைதானத்துல பாதி வெட்டிட்டேன். நடுவுல முட்டி பிடிச்சுக்கிச்சு. மெஷினை நிறுத்திட்டு அப்படியே கீழ உக்காந்தேன். எழுந்திரிக்க முடியல. நாப்பது நிமிஷம். லீவு நாளு, யாருமே இல்ல. கத்திக் கூப்பிடலாம்னா, யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. அங்கேயே முடிவு பண்ணிட்டேன். வழக்கமான வீடுகளுக்கெல்லாம் நேர்ல போய், இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— என்கிட்ட மட்டும் சொல்லல.

— மெஷினை வித்த அன்னைக்கு மதியம் சொல்லத்தான் இருந்தேன். நீ போன் எடுத்ததும் ‘அப்பா, ஒத்தச் சக்கரம்னா என்ன தெரியுமா’ன்னு சந்தோஷமா ஆரம்பிச்சே. அரை மணி நேரம் பேசினோம். வெச்சதுக்கப்புறம் நினைச்சேன், வித்தாச்சுன்னு சொன்னா நாளைக்கு என்ன பேசறது? திரும்பவும் சாப்பிட்டியா, சரி வெச்சுடறேன்தான். அதான் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். அப்புறம் இன்னொரு நாள். தினமும் காலைல உக்காந்து, இன்னைக்கு எதுல என்ன குறை சொல்றதுன்னு யோசிப்பேன். அதுதான் என் வேலை இப்ப. இன்னைக்குக்கூட, வாங்கினா வாங்கட்டும், மூலையில கெடக்கட்டும்னு நினைச்சேன். உன் பொழுதாவது மிஞ்சுமேன்னு. ஏமாத்தணும்னு இல்லம்மா.

— தெரியும்ப்பா.

— இல்ல, நிஜமாவே...

— மெஷினை வித்தது தெரியும்ங்கறேன்.

— ...என்ன?

— பெட்ரோல் டேங்க் மேல என் நம்பரை எழுதினது யாரு? பன்னெண்டாவது படிக்கறப்ப நான்தானே பெயிண்ட்ல எழுதினேன், ஏழு கோணலா போச்சுன்னு நீ சிரிச்சியே. அதை அழிக்காமலே வித்திருக்கே. வித்த ரெண்டாம் நாளே ஒரு அம்மா எனக்குப் போன் போட்டு, ‘உங்க ஆளு புல்லோட சேர்த்து என் பூச்செடியையும் வெட்டிட்டான்’னு பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க.

— பூச்செடியையா? அடப்பாவி! செடியைச் சுத்தி ஒரு அடி விட்டுத் திருப்பணும்னு அத்தனை தடவை சொல்லிக் குடுத்தேனே அவனுக்கு!

— எங்கப்பா அப்படி வெட்ட மாட்டாரேன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. இன்னும் வாரத்துக்கு ரெண்டு பேர் கூப்பிடறாங்க. வாங்கின ஆளோட நம்பரைக் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன், அவருக்குத் திருப்பி விட்டுடறேன்.

— யாருமே பண்ணலன்னியே?

— நீ அளந்தேன்னியே?

— ...தெரிஞ்சுமா ரெண்டு மாசம் பலகையா, சீட்டான்னு என்கூட மல்லுக்கட்டினே? உனக்கு வேற வேலை இல்லையா? அந்தப் பொண்ணுங்களை எல்லாம் விட்டுட்டு எதுக்கும்மா இந்தக் கிழவன்கூட...

— எந்தப் பொண்ணுங்கப்பா? இங்க வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு, இன்னும் ஒருத்திகூட என்னைச் சாப்பிடக் கூப்பிடல. உள்ள தனியா உக்காந்தா எல்லாரும் பாக்கறாங்கன்னு தினமும் டப்பாவை எடுத்துக்கிட்டு வெளிப் படிக்கட்டுக்கு வந்துடுவேன். குளிருதுதான். ஆனா ‘இன்னைக்கு ஆர்டர் போடட்டுமா’ன்னு கேட்டா, நீ புதுசா ஒரு குறையைக் கண்டுபிடிப்பே, அப்ப நாளைக்கும் உனக்குப் போன் பண்ணலாம். இன்னைக்கு நீ சரின்னதும் பயந்தே போயிட்டேன்ப்பா... நாளைக்கும் இதே நேரத்துக்குப் பண்ணுவேன், சீட்டுல இன்னும் என்னென்ன குறை இருக்குன்னு யோசிச்சு வை.