ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இல்லை சார், இன்னொரு டீ வேண்டாம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். எங்கே விட்டேன்? ஆமாம், மாடி.

திருவொற்றியூரில் கடலோர வாடகை வீடு. எண்ணூர் ஆலைகளின் வெளிச்சம் பாதி வானத்தைத் தின்றுவிடும். மீதி கடல் மேல் இருக்கிறது. துறைமுக வேலை முடிந்து வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் அதைப் படம் எடுப்பேன். தொலைநோக்கியின் இரும்பு முக்காலியை மேலே தூக்கிக் கொடுத்தவன் தீனாதான். பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருந்தான். பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: “இன்னா மாமு, இன்னிக்காவது நட்சத்திரம் மாட்டிச்சா? வலை எதுனா வேணுமா?”

மாட்டவில்லை. பெரிய தொலைநோக்கியின் முதுகில் சிறியது ஒன்று உண்டு. அதன் கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பெரியதை வழிநடத்தும். அதற்குமுன், எவ்வளவு தள்ளினால் நட்சத்திரம் எவ்வளவு நகர்கிறது என்று அது கற்றுக்கொள்ள வேண்டும். அதைத்தான் கேலிப்ரேஷன் என்கிறோம். ஒவ்வொரு முறையும் கணினி ஒரே பதிலைச் சொன்னது: நட்சத்திரம் போதுமான அளவு நகரவில்லை.

கேபிளை மாற்றினேன். எடையைச் சமன் செய்தேன். பிறகுதான் அந்த விளக்கைச் சந்தேகப்பட்டேன். கடலுக்குள் நீளும் கல் தடுப்பின் முனையில், கம்பத்தில் எரியும் விளக்கு. எந்த வீட்டுப் படகு கடலில் இருக்கிறதோ, அந்த வீட்டார் மாலையில் அதைப் போட வேண்டும். படகு திரும்பும்வரை அணைக்கக் கூடாது. அதன் ஒளி லென்ஸில் பட்டு, கேமரா அதையே நட்சத்திரம் என்று பிடித்திருக்கலாம்.

தீனாவிடம் முறையாகக் கேட்டேன். சிரித்தான். “அத்த நிறுத்துனா நான் எப்டி மாமு வூட்டுக்கு வர்றது? உன் நட்சத்திரத்தப் பாத்துகினா?”

அன்று தீனா கடலுக்குப் போனபின் அவன் தங்கை எழில்மொழி விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். அதன் சுவிட்ச் கரையில் வலைக்கொட்டகையில் இருக்கிறது. நான் அங்கே போய் அணைத்தேன். மாடி ஏறியதும் முக்காலித் தலையில் ஒரு திருகு தளர்ந்திருப்பதைக் கண்டேன். அதையும் இறுக்கினேன். கேலிப்ரேஷன் முடிந்தது. திரையில் வரைபடக் கோடு அலையே இல்லாத கடல்போல நேராக ஓடியது.

பழுது தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், சார். நான் இரண்டை மாற்றிவிட்டேன். எது குணப்படுத்தியது என்று அறிய விளக்கைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. ஆனால் ஓடுகிற ஒன்றை யாரும் தொடமாட்டார்கள்.

கடலில் ஒரு டார்ச் வட்டமாகச் சுற்றியது. கல் எங்கே என்று தீனா கேட்கிறான். எனக்குப் புரிந்தது. படம் பாதியில் இருந்தது. டார்ச் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றியது. அப்புறம் கல்லில் ஃபைபர் உடையும் சத்தம். படம் முடிந்தபிறகுதான் இறங்கினேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

எழில்மொழி விளக்கைப் போட மறந்ததால்தான் தீனா செத்தான் என்று குப்பமே சொல்கிறது. போட்டேன் என்று முதலில் சத்தியம் செய்தாள். போன வாரம் என்னிடம் வந்து, “மெய்யாலுமே மறந்துட்டனாண்ணா?” என்று கேட்டாள்.

“அசந்து தூங்கியிருப்ப, வுடும்மா,” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குத்தான் தூக்கம் இல்லை. அதனால்தான் நானே வந்தேன். நான் அணைத்தேன், டார்ச்சையும் பார்த்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும், சார். இன்று வானம் தெளிவாக இருக்கிறது. விளக்கும் எரியும். திருகு இறுக்கியபடியே இருக்கிறது. கேலிப்ரேஷன் மறுபடி தவறி, விளக்குதான் காரணம் என்றால், எழில்மொழியிடம் சொல்ல எனக்கு ஒரு நியாயம் கிடைக்கும். காவலர் யாராவது கூடவே வரட்டும். ஒரே ஒரு தடவை மாடிக்குப் போய், அந்தக் கேலிப்ரேஷனை ஓட்டிப் பார்க்க விடுவீர்களா?