ஞானமுத்து அங்கிளைக் கேளுங்க

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, மேடம். ஐம்பத்தெட்டு வயதில், இந்த ஆம்பூரில், இப்படிச் சொல்லிக்கொள்ள எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? அதனால் எனக்கு டீயில் தாராளமாக இரண்டு ஸ்பூன் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் வேலூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு, பள்ளிகொண்டா பக்கம் லாரிகளுக்கு நடுவே மாட்டி, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறீர்கள் என்று முகமே சொல்கிறது. ரஃபத் ஜஹான் வக்கீலம்மா வருகிறார், ஹெப்சி கொடுத்த மனுவை விசாரிக்கப்போகிறார் என்று நிர்வாகக் குழு முந்தாநாளே சொல்லிவிட்டது. ஹெப்சிக்கு வேலை திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா, அவ்வளவுதானே. அவசரப்படாதீர்கள். அங்கேதான் வருகிறேன்.

முப்பத்திரண்டு வருஷமாக இந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நான் பார்மசிஸ்ட். ஊர்க்காரர்கள் கம்பவுண்டர் என்பார்கள். கம்பவுண்டர் கலர் தண்ணி கலக்குகிறவன். என் வேலை வேறு. டாக்டர் எழுதுகிற சீட்டு என் ஜன்னலுக்கு வரும். அதிலுள்ள தப்பை நான் பிடிப்பேன். டாக்டர் கடவுளுக்கு அடுத்தபடி என்று நோயாளி நினைக்கிறான். நூறு பேரைப் பார்த்து முடித்த கடவுளுக்குப் புள்ளி வைக்க மறந்துபோகும் என்பது எனக்குத்தான் தெரியும். ஒன்றரை என்று எழுதவேண்டிய இடத்தில் பதினைந்து இருக்கும். உடனே வார்டுக்குப் போன் போடுவேன். "சிஸ்டர், டாக்டரைக் கொஞ்சம் கேளுங்க, உள்ள படுத்திருக்கிறது மனுஷனா, எருமையான்னு."

யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பிறகு அவர்களே முன்கூட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள். டைபாய்டுக்கு எவ்வளவு, ஜன்னி வந்த பிள்ளைக்கு எவ்வளவு, கிட்னி கெட்டவனுக்கு எவ்வளவு கம்மி பண்ணுவது? "ஞானமுத்து அங்கிளைக் கேளுங்க" என்பது வார்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தப் போன் அடிக்கிற சத்தம் எனக்குக் கோயில் மணியைவிட இனிப்பாக இருக்கும்.

2004இல் டாக்டர் இவான் அமெரிக்காவிலிருந்து வந்தார். நல்ல மனுஷன். கையில் ஆறு பாம்டாப் கொண்டுவந்தார். தீப்பெட்டிக்கு அண்ணன், சிலேட்டுக்குத் தம்பி, அந்த அளவு. பலப்பம் மாதிரி ஒரு குச்சி. வியாதியின் பெயரைக் குத்தினால் மருந்து வரும், எடையைப் போட்டால் அளவு வரும். தொற்றுநோய் முழுக்க அதற்குள் அடக்கம். நர்சுகள் அதற்குச் சிலேட்டு என்றே பேர் வைத்தார்கள். வார்டுக்கு ஒன்று, என் ஜன்னலுக்கு ஒன்று.

ஒரே மாதத்தில் என் போன் ஊமையாகிவிட்டது. லைன் போய்விட்டதோ என்று நானே இரண்டு மூன்று தரம் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் சிலேட்டுக்கும் சறுக்கியது. தோல் மண்டியில் பச்சைத்தோல் தூக்குகிற அப்துல் வஹாப் ஒருநாள் வந்தான். முழங்கையில் கறுப்புக் கட்டி, வலியே இல்லை. இந்த ஊரில் நேற்றுச் சேர்ந்த ஆயாம்மாவுக்குக்கூடத் தெரியும், தோலிலிருந்து வருகிற ஆந்த்ராக்ஸ் அது, பென்சிலின் போட்டால் போய்விடும். சிலேட்டு என்ன சொன்னது தெரியுமா? கிருமி ஆயுதமாக இருக்கலாம், உடனே போலீசுக்குச் சொல்லவும் என்றது. ட்யூட்டி டாக்டர் ஓடிப்போய் வார்டுக் கதவைப் பூட்டிவிட்டார். வஹாப் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டான்: "இன்னா சார் இது பேஜாரு? தோலு தூக்கினவன் கையில கட்டி வந்தா போலீசா?"

ஆஸ்பத்திரியே சிரித்தது. இவானும் சிரித்தார். சிரித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "அங்கிள், இந்தச் சிலேட்டுக்கு நம்ம ஊரு தெரியல. நம்ம ஆஸ்பத்திரிக்குன்னு தனியா ஒரு பகுதி சேர்த்துடலாம். அளவெல்லாம் நீங்கதான் டைப் பண்ணித் தரணும்."

பண்ணினேன். முப்பது வருஷம் தலையில் வைத்திருந்ததை எல்லாம் ஒரு விரலால் தட்டித் தட்டி ஏற்றினேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆறு சிலேட்டும் என் மேஜைக்கு வரும். கம்ப்யூட்டரில் செருகி, புதிதாக எழுதியதை ஏற்றித் திருப்பி அனுப்புவேன். அதற்குப் பிறகு யாருமே என்னைக் கேட்கவில்லை. பால் சொம்புக்கு வந்துவிட்ட பிறகு மாட்டை எவன் கூப்பிடுவான்?

முதல் தப்பு நான் வேண்டுமென்று செய்ததில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பூஜ்ஜியம் ஜாஸ்தியாக விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் வார்டிலிருந்து வந்த சீட்டில் அதே பூஜ்ஜியம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. போன் போட்டேன். அந்தப் பக்கம் சிஸ்டர், "ஐயோ அங்கிள், நல்ல வேளை பாத்தீங்க" என்றாள். சாயங்காலம் இவானே பிரியாணிப் பொட்டலத்தோடு என் ஜன்னலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மெஷின் மெஷின்தான். நீங்க இல்லன்னா அந்தப் பிள்ளை செத்திருக்கும்."

பிரியாணி ரொம்ப நன்றாக இருந்தது. அடுத்த மாதம் இரண்டு வைத்தேன்.

முகம் சுளிக்காதீர்கள், மேடம். அம்மைக்கு ஊசி போடுகிறோமே, அது என்ன? கொஞ்சம் கிருமியை உள்ளே விட்டால்தான் உடம்பு முழித்துக்கொள்ளும். சிலேட்டைக் கும்பிட்டுக்கொண்டு கிடந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஊசி போட்டேன். யாருக்கு என்ன ஆபத்து? எந்தச் சீட்டும் பார்மசி ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஜன்னலில் நான் இருக்கிறேன். நான் இல்லாத நேரத்துக்கு ஹெப்சி. அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே நான்தான். "சந்தேகம் வந்தா என்னைக் கேக்காம ஒரு மாத்திரை கூடக் குடுக்காத" என்று தலையில் அடிக்காத குறையாகச் சொல்லி வைத்திருந்தேன். என் குவார்ட்டர்ஸ் பின்பக்கம்தான். ஆக எந்த வழியில் போனாலும் என்னிடம் வந்துதான் தீரும். அப்படித்தான் கணக்காக அமைத்திருந்தேன்.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் ஐந்து பேரைக் காப்பாற்றினேன். போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. சிலேட்டில் பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு வார்த்தை என்று என்னையும் கேட்டார்கள். 2006இல் அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிவில் எனக்குப் பொன்னாடை போர்த்துவதாகச் சபையில் தீர்மானம் போட்டார்கள். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயேதான் கோயில். முன்வரிசையில் இவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் யோகலட்சுமியைக் கொண்டுவந்தார்கள். குடியாத்தத்துப் பெண். அப்பா கனகராஜ் பவர்லூமில் லுங்கி நெய்கிறவர். இவள் இங்கே ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில், ஹாஸ்டலில் தங்கி வேலை. பத்தொன்பது வயது. மலேரியா தலைக்கு ஏறி நினைவு தப்பியிருந்தது. ட்யூட்டியில் இருந்தவர் வந்து இரண்டு மாதமே ஆன சின்ன டாக்டர். சிலேட்டைப் பார்த்தார், க்வினைன் ஊசிமருந்து எழுதினார். இரண்டு ஆம்பூல் போகவேண்டிய இடத்தில் ஆறு.

ஆமாம், நான் வைத்ததுதான்.

ஹெப்சி கெட்டிக்காரி. ஆறு என்றதும் இடித்திருக்கிறது. ஜன்னல் சிலேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதிலும் ஆறு. அப்படியும் மனசு ஒப்பவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, வார்டு ஆயா சந்திரா கையில் கொடுத்துக் கோயிலுக்கு ஓட்டினாள். இதோ பாருங்கள், அந்தச் சீட்டு. 'அங்கிள், க்வினைன் ஆறு ஆம்பூல் கேக்கறாங்க. சிலேட்டும் அதான் சொல்லுது. எனக்கு பயமா இருக்கு. குடுக்கட்டுமா?'

நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். சபைப் போதகர் ஐயர் அப்போதுதான், "மறைந்திருக்கிற பிழையைக் காணும் கண்களை ஆண்டவர் நம் சகோதரருக்கு அருளினார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னாடை தட்டில் தயாராக இருந்தது. சந்திரா பக்கவாட்டில் வந்து குனிந்து, "இன்னா சொல்றது சார்?" என்றாள்.

எழுந்து போயிருக்கலாம். நூறு எட்டு வைத்தால் வார்டு. ஆனால் எனக்குக் கோபம் வந்தது, மேடம். அதை மறைக்க மாட்டேன். இரண்டு வருஷம் சிலேட்டு சிலேட்டு என்று உருகினார்களே, இந்த ஒரு பத்து நிமிஷம்கூடவா என்னை நிம்மதியாக உட்காரவிடக் கூடாது? "சிலேட்டப் பாக்கச் சொல்லு" என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பொன்னாடை போர்த்தியதும் போய்விடுவதாகத்தான் நினைத்தேன். குளுக்கோசில் ஏறுகிற மருந்து, மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் போட்டோ எடுத்தார்கள். பிறகு காணிக்கைப் பொருட்களின் ஏலத்தை என் கையால் தொடங்கிவைக்கச் சொன்னார்கள். ஒரு பூசணிக்காய், அப்புறம் ஒரு வாழைத்தார், அப்புறம் கால் கட்டிய ஒரு சேவல். சேவல் ஏலம் நன்றாகச் சூடு பிடித்தது, பாதியில் எழுந்தால் நன்றாக இருக்காது.

பிறகுதான் ஓடினேன். பொன்னாடையோடு நான் வார்டுக்கு ஓடியதை ஊரே பார்த்தது. அவளுடைய இதயம் அதற்குள் நின்றிருந்தது.

மறுநாள் சோதனைக்கென்று ஆறு சிலேட்டையும் வாங்கி, ஆறை இரண்டாகத் திருத்தினேன். புதன்கிழமை குழு கூடியது. ஹெப்சி, "சிலேட்ல ஆறுதான் இருந்துச்சு, அங்கிளுக்குக் கூடச் சொல்லி அனுப்பினேன்" என்று அழுதாள். சிலேட்டைக் கொண்டுவந்தார்கள், இரண்டு என்று இருந்தது. சந்திராவைக் கூப்பிட்டார்கள், சார் சிலேட்டைப் பார்க்கச் சொன்னாரு என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. சின்ன டாக்டருக்கு எச்சரிக்கை. ஹெப்சிக்குச் சீட்டுக் கிழிந்தது.

அவளுக்கு அரக்கோணத்தில் ரயில்வே மாப்பிள்ளை நிச்சயம் ஆகியிருந்தது. கொலைகாரி வேண்டாம் என்று அவர்கள் பின்வாங்கினார்கள். நானே அரக்கோணம் போய், தெரியாமல் செய்த தப்பு, மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவளுக்காகக் கெஞ்சினேன். கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

கனகராஜும் என்னைத் தேடி வந்தார். "நீங்க மட்டுந்தான் ஓடி வந்தீங்கன்னு சொன்னாங்க சார்" என்று ஒரு ஜோடி லுங்கி கொடுத்தார், அவரே நெய்தது. வேண்டாம் என்றால் மனுஷன் நொந்துபோவார் என்று வாங்கிக்கொண்டேன். சாயம் போகவே இல்லை. இப்போதும் வீட்டில் அதைத்தான் கட்டுகிறேன்.

ஒரு வருஷம் கழித்து இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான், வேறென்ன. ஹெப்சி நிரபராதி, அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ரிட்டயர்மென்ட். என் இடத்துக்கு ஆள் போடப்போவதில்லையாம். ஜன்னலில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, சிலேட்டில் இருப்பதை அப்படியே அதில் ஏற்றிவிடுவார்களாம். இவான் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மொத்தம் பதினொன்று வைத்தேன், மேடம். ஐந்தைப் பிடித்தேன், ஒன்று யோகலட்சுமியோடு போயிற்று. மிச்சம் ஐந்து உள்ளேயேதான் இருக்கின்றன. காலையில்கூட வார்டில் அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள். எந்தெந்த மருந்து என்று சட்டென்று ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. வயசாகிவிட்டது, பாருங்கள்.

ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் மட்டும் வாங்கிக் கொடுங்கள், அந்த ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தருகிறேன். இந்த ஆஸ்பத்திரியில் தப்பைப் பிடிக்க என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?