கூப்பிட்டீங்களா?

— லிங்க்லயா? அப்பா சாவை நான் லிங்க்ல பாக்கணுமா?

— கத்தாத நெவில். பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு.

— யாரு?

— அப்பா.

— அக்கா, இதை நான் டிவிக்கு எழுதிக் கொடுத்திருந்தா, நம்பற மாதிரி இல்லன்னு வெட்டியிருப்பாங்க.

— வேணும்னு சொல்லல. வாய்ல வந்துடுச்சு. கேட்டுக்கோ. வியாழக்கிழமை, பதினோரு மணி. தகனக் கூடத்துல கேமரா வச்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல இருக்கற சித்தப்பா மகன்கூட அதுலதான் பாக்கப்போறான். நீயும் லண்டன்ல உன் வீட்ல நிம்மதியா உக்காந்து, ஒரு டீயைப் போட்டுக்கிட்டு...

— நான் இங்க பர்ன்லில இருக்கேன், பிரெண்டா அக்கா! உன் மேஜைக்கு எதிர்ல உக்காந்திருக்கேன். நாலு மணி நேரம் ரயில்ல நின்னுக்கிட்டே வந்திருக்கேன்.

— அதான் சாப்பிட்டுப் போன்னு சொல்றேன். ஓவன்ல இருந்து இப்பத்தான் எடுத்தேன், உருளைக்கிழங்கு பை சூடா இருக்கு.

— பையைத் தூக்கிக் குப்பையில போடு. அவருக்கு நான் ஒரே மகன்.

— ஒரே மகன்தான். ஆனா ஊருக்கு நீ மகன் இல்ல. டிவியில வந்த மிஸ்டர் கிரம்ப்.

— அந்தப் பேரை இந்த வீட்ல சொல்லாத.

— நான் சொல்லாட்டி? ஹெரால்டு மாமா அடக்கம் ஞாபகம் இருக்கா? நீ சும்மாதான் உக்காந்திருந்த. மூக்கைச் சிந்தின, அவ்வளவுதான். முன் வரிசையில எவனோ சிரிக்க ஆரம்பிச்சான். அப்புறம் அடக்க முடியல. புருஷனைப் பறிகொடுத்த அத்தை, வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பாதிரியார் பைபிளை மூஞ்சிக்கு நேரா தூக்கிக்கிட்டார். பின்னால தோள் குலுங்குது.

— அது என் தப்பா?

— தப்புன்னு யார் சொன்னா? மழை பெய்யறது யார் தப்பு? குடையை எடுத்துக்கிட்டுப் போறோம்ல. அப்பா அறுபது வருஷம் அடக்கத் தொழில் பண்ணி, இந்த ஊரை ஒழுங்கா அனுப்பி வச்சவர். அவரை ஒரு தடவை ஒழுங்கா அனுப்பணும். நான் கேக்கறது அது ஒண்ணுதான்.

— அப்பா என்ன கேட்டார்? சொல்லு. ஊர்ல இருக்கறவனை எல்லாம் உயிரோட இருக்கும்போதே உக்காரவச்சு, அடக்கம் எப்படி நடக்கணும்னு ஃபாரம் நிரப்பச் சொன்ன மனுஷன். தனக்கு ஒண்ணும் எழுதி வைக்கலயா?

— பை ஆறுது.

— அக்கா.

— ஆறிப்போனா நல்லா இருக்காது.

— என் தலையெழுத்து. சத்தியமா என் தலையெழுத்து. நான் யாருன்னு ஒருத்தனுக்காவது தெரியுமா? எடின்பரோவுல மதுக்கடை மாடியில ஏழு பேருக்கு முன்னால நடிச்சவன் நான். அதுல ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க. எட்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. அப்புறம் டிவி. மொத்தம் பதினெட்டு வாரம். சவ வண்டிக்கு முன்னால ஒருத்தன் நடக்கறான். பத்து அடிக்கு ஒரு தடவை நிக்கறான், திரும்பறான், தொப்பியைத் தூக்கறான், பெட்டியைப் பாத்து ‘கூப்பிட்டீங்களா?’ன்னு கேக்கறான். அவ்வளவுதான். நாடே உருண்டு உருண்டு சிரிச்சுது. இது முதல் படி, இனிமே ஏறிடலாம்னு நினைச்சேன். முப்பத்தொரு வருஷமா அதே படியில நிக்கறேன்.

— நல்ல வீடு வாங்கின.

— வீடு வாங்கினேன். அந்த வீட்டு வாசல்ல பால் போட வர்றவன் கேக்கறான், ‘கூப்பிட்டீங்களா?’ன்னு. போன வருஷம் எனக்கு வயித்துல ஆபரேஷன். மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கறேன், நர்ஸ் குனிஞ்சு கேக்கறா. நான் செத்துட்டேன்னே நினைச்சேன்.

— க்ஹும்... க்ஹும்...

— சிரிக்காத.

— சிரிக்கல. இருமல்.

— போன மாசம் கேளு. பள்ளிக்கூடச் சமையல்காரி ஒருத்தியைப் பத்தி ஆறு வாரத் தொடர் ஒண்ணு எழுதினேன். ரெண்டு வருஷம் எழுதினது அக்கா. சேனல்ல முடிவெடுக்கற பொண்ணு, என் மக வயசு இருக்கும், படிச்சுட்டுக் கண்ணு கலங்கிட்டேன்னா. ‘அற்புதம் நெவில். ஒரே ஒரு சின்ன யோசனை. சமையல்காரி முதல் வாரமே செத்துட்டா என்ன?’

— எதுக்கு?

— எதுக்கா! அடக்கம் பண்ண ஆள் வேணும்ல!

— அடப்பாவமே.

— விளம்பரத்துக்குக் கூப்பிட்டாங்க. அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு, அடக்கச் செலவுக்கு முன்கூட்டியே பணம் கட்டற திட்டம். சேர்ந்தா ஒரு பேனா இலவசம். நான் தொப்பியோட வந்து பேனாவை நீட்டணுமாம். வேற வேஷமே கிடைக்காதவனுக்கு ஒரே ஒரு நிஜ வேஷம் மிச்சம் இருந்துச்சு. அப்பா பெட்டிக்குப் பின்னால நிக்கற மகன். அதையும் நீ புடுங்கற.

— பிரெண்டா! பின்கதவு திறந்து கிடக்கு, நான் உள்ள வரேன். அம்மாடி, என்ன மழை! இந்தா, பூ. ‘அப்பா’ன்னு எழுத்தாவே கட்டிட்டேன், வெள்ளைச் செவ்வந்தியில. லில்லி வைக்கல, நீ சொன்ன மாதிரி.

— இங்க வை டோரா. நனையாம கொண்டுவந்துட்டியே.

— என் கடைப் பூ நனைஞ்சா என்ன, வாடவா போகுது... அய்யோ! என் ராசா! நெவிலா இது? எப்பய்யா வந்த? அப்பா போய்ட்டாரேய்யா. தங்கமான மனுஷன். எங்க வீட்டுக்காரரோட அம்மாவை அவர்தான் அனுப்பி வச்சார். என்னமோ பல்லக்குல போற மாதிரி போனாங்க.

— நன்றி, டோரா அக்கா.

— மனசைத் தளரவிடாத. தொண்ணூத்திரண்டு நல்ல வயசு. அழணும்னா அழுதுடு. எங்க முன்னால என்ன கூச்சம்... சொல்லக் கூடாது. நேரம் சரியில்ல, எனக்கே தெரியுது. ஆனா நாக்கு நுனியில வந்து நிக்குதே, நான் என்ன பண்ணட்டும்?

— சொல்லிடுங்க. பரவால்ல.

— கூப்பிட்டீங்களா? ஹய்யோ, ஹய்யோ! மன்னிச்சுக்கய்யா, மூஞ்சியைப் பாத்தாலே வந்துடுது! வியாழக்கிழமை வர்ற தானே? வராம இருந்துடாத. எங்க வீட்டுக்காரர் இடுப்பு வலியோட வர்றதே உன்னைப் பாக்கத்தான். வரேன் பிரெண்டா. கதவைச் சாத்திக்கோ, சாரல் அடிக்குது.

— பாத்தியா?

— பாத்தேன்.

— அவ நல்லவ. அப்பா மேல உயிரையே வச்சிருந்தா. அவளுக்கே அடக்க முடியல. அப்புறம் மத்தவங்களைச் சொல்லணுமா?

— சரி. நான் கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். தாடி ஒட்டிக்கறேன்.

— தாடியோட வந்தா இன்னும் மோசம். கேட்டுக்கோ நெவில். உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அப்பா ஏன் வண்டிக்கு முன்னால நடக்கறதை விட்டார்னு நினைக்கற?

— முழங்கால் வலின்னு சொன்னியே.

— அவருக்கு முழங்கால் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. உன் நாடகம் ரெண்டாவது வாரம் வந்துச்சு. மறுநாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தரோட அடக்கம். அப்பா தொப்பியும் கைத்தடியுமா முன்னால போறார். பஸ் ஸ்டாப்புல நின்ன பசங்க கத்தினாங்க, ‘கூப்பிட்டீங்களா?’ன்னு. வாத்தியாரோட பொண்ணு கார்க்குள்ள இருந்து பாத்துச்சு. அப்பா திரும்பல, நிக்கல, சர்ச் வாசல் வரைக்கும் நடந்தார். வீட்டுக்கு வந்து தொப்பியைப் பெட்டியில போட்டுப் பரண் மேல ஏத்தினார். ‘நாளைலேருந்து நீ நட’ன்னார். நடந்தேன். பனியில, ஐஸ்ல, இடுப்பு புடிச்சுக்கிட்டப்பவும். முப்பத்தொரு வருஷம் நடந்தேன். நீ பரிசு வாங்கின ராத்திரி, மறுநாள் காலைல ரெண்டு அடக்கம் எனக்கு.

— ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?

— ‘அவன் பொழப்பு அதுல ஓடுது, விடு’ன்னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல.

— போன்ல மழையைப் பத்தியும் கால்பந்தைப் பத்தியும் பேசுவார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் நாடகத்தைப் பாத்தேன்னு சொல்லமாட்டாரான்னு காத்துக்கிட்டே இருந்தேன். ஏன்னா அது அவருக்கு நான் பண்ண மரியாதை அக்கா. சத்தியமா சொல்றேன், கிண்டல் இல்ல. அந்த நடை அவருதுதான். ஒவ்வொரு அடக்கத்துக்கும் அவர் அப்படி நின்னு திரும்பிப் பாப்பார்ல, தொப்பியைத் தூக்கிக்கிட்டு? சின்ன வயசுல பாத்து அசந்துபோயிருக்கேன்.

— எங்க பாத்த?

— கார்ல இருந்து. எனக்கு ஒம்பது வயசு.

— அதுக்கு முன்னால?

— முன்னாலயும் பாத்திருப்பேன்.

— நல்லா யோசி. அப்பா நம்மளை எந்தச் சாவுக்காவது விட்டாரா? தெருவுல வண்டி வந்தா திரைச்சீலையை இழுத்து விடுன்னு சொல்ற ஆள். நீ வீட்டை விட்டுப் போற வரைக்கும் எத்தனை அடக்கம் பாத்த?

— ஒண்ணு.

— யாரோடது?

— அம்மாவோடது.

— அப்பா வாழ்நாள் முழுக்கத் திரும்பினது அந்த ஒரு தடவைதான்டா. நடக்கறவன் திரும்பக் கூடாது. அதான் முதல் பாடம். அன்னைக்கு அவரே மீறினார். கல்பாலம் தாண்டினதும் சட்டுனு நின்னார். திரும்பினார். தொப்பியைத் தூக்கினார். உதடு அசைஞ்சுது. நீ சிரிச்ச. ஒம்பது வயசு, உனக்கு என்ன தெரியும்? நான் தொடையில கிள்ளினேன்.

— கிள்ளினது ஞாபகம் இருக்கு.

— அப்பா என்னக்கா சொல்றார்னு கேட்ட. ஞாபகம் இருக்கா?

— இல்ல.

— அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்திருக்கும், ‘கூப்பிட்டியா?’ன்னு கேக்கறார்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். எனக்குப் பதினஞ்சு வயசு.

— அந்த வரி மதுக்கடையில உக்காந்திருந்தப்ப தானா வந்துச்சுன்னு எத்தனை பேட்டியில சொல்லியிருக்கேன்... எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாதுன்னு சொல்லியிருக்கேன். அய்யோ அக்கா. அவர் உடைஞ்சுபோன ஒரே நிமிஷத்தை வாரா வாரம் போட்டுக் காட்டியிருக்கேன்.

— தெரியாமத்தானே பண்ண.

— அப்ப சரி. அந்த லிங்க்கை அனுப்பு. நான் கிளம்பறேன்.

— உக்காரு.

— இல்ல, நீ சொன்னதுதான் சரி. எந்த மூஞ்சியோட வந்து நிக்கறது?

— உக்காருடா. இந்தா.

— என்ன இது?

— நீ கேட்ட ஃபாரம். அப்பா எழுதினது. கண்ணாடி வச்சிருக்கியா? படி.

— ‘பெயர்: வில்ஃப்ரெட் ஹேஸ்லம். பெட்டி: சாதாரணம், பித்தளைக் கைப்பிடி வேண்டாம். பூ: லில்லி வேண்டாம், எனக்குத் தும்மல் வரும்.’ செத்ததுக்கு அப்புறமுமா?

— மேல படி.

— ‘சாப்பாடு: ஹாம் சாண்ட்விச், வெண்ணெய் தாராளமாக. வண்டிக்கு முன்னால் நடப்பவர்:’... அக்கா.

— படி.

— ‘நெவில்.’

— அந்த வரிக்கு மேல என்னால படிக்க முடியல. மடிச்சு டிராயர்ல போட்டேன். அஞ்சு நாளாச்சு. முப்பத்தொரு வருஷம் நடந்தவ நான். ஒரு நாள்கூட நடக்காத உன் பேரை எழுதியிருக்கார். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கற?

— நீதான் நடக்கணும். பேனாவைக் கொடு, அடிச்சுட்டு எழுதிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?

— செத்தவங்க எழுதினதை மாத்தக் கூடாது. நம்ம தொழில்ல அதை மீறினா மிச்சம் ஒண்ணும் இல்ல. அதான் உன்னை வராதேன்னேன். ஊர்லயே இல்லாதவனை நடக்கச் சொல்ல முடியாதுல்ல. போதுமா? சிரிப்பாங்கன்னு சொன்னது பாதிதான் உண்மை. மீதி என் வயித்தெரிச்சல்.

— பின்பக்கமும் எழுதியிருக்கார்.

— பின்பக்கமா? நான் திருப்பல. என்னன்னு?

— ‘பிரெண்டா காரில் உக்காரட்டும். நடக்கிறவள் அழக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தவன் நான். முப்பத்தொரு வருஷமா அவள் ஒருத்தருக்கும் அழவில்லை. எனக்காவது அழட்டும்.’

— க்ஹும்... க்ஹும்...

— அக்கா. இந்தா, கைக்குட்டை.

— இருமல்டா. இருமல். இன்னும் இருக்கா? படி.

— ‘நெவிலிடம் சொல்லு. பத்து அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பாக்கணும். அன்னைக்கு உங்க அம்மா கூப்பிடலை. நான் கூப்பிடுவேன்.’